சப்ஸ்ட்ரேட்: அடிமூலக்கூறா, அடிப்படுகையா?

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் 'ரெஃப்யூஜியத்துக்கு என்ன சப்ஸ்ட்ரேட் போடலாம்' என்று கேட்பார்கள். ரெஃப்யூஜியம் என்பது பாசியும் சிற்றுயிர்களும் வளரும் இணைப்பு அறை; சப்ஸ்ட்ரேட் என்பது அதன் அடியில் பரப்பும் மணல் போன்ற பொருள். சப்ஸ்ட்ரேட் என்ற சொல்லுக்குத் தமிழில் பரவலாகக் கிடைப்பது 'அடிமூலக்கூறு'. மீன் தொட்டிக்கு இது பொருந்தவே பொருந்தாது. மூலக்கூறு என்றதும் வேதியியல் படித்தவருக்கு நீர் மூலக்கூறு, ஆக்சிஜன் மூலக்கூறு என்றுதான் ஓடும். கண்ணாடிக்குள் நான்கு விரல் உயரத்துக்குக் கிடக்கும் மணல் நினைவுக்கு வராது.

இலத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'ஸ்டெர்னெரே' என்றால் விரித்தல். கீழே விரிக்கப்பட்டது 'சப்ஸ்ட்ராட்டும்'. பாறை அடுக்கைக் குறிக்கும் 'ஸ்ட்ராட்டா'வும், கல் பரப்பிய பாதை என்ற பொருளில் தொடங்கிய 'ஸ்ட்ரீட்'டும் இதன் உறவுகள். தமிழில் 'படு' என்ற வேரிலிருந்து படுக்கையும் வருகிறது, படுகையும் வருகிறது. ஆற்றுப்படுகை என்று நாம் அன்றாடம் சொல்வது நீருக்கு அடியில் படிந்து கிடப்பதைத்தான். ஆகவே தொட்டியின் சப்ஸ்ட்ரேட்டுக்கு 'அடிப்படுகை' என்பதே சரியான சொல். நொதிகளைப் பற்றிப் பேசும்போது இதே சப்ஸ்ட்ரேட் 'தளப்பொருள்' ஆகும். பாசியோ பவளமோ ஒட்டி வளரும் பரப்பைச் சொல்ல வேண்டுமானால் 'பற்றுதளம்' என்பது தெளிவு.

'ரெஃப்யூஜியம்' என்பதும் இலத்தீன்தான். தப்பி ஓடிச் சேரும் இடம். பனியுகத்தில் உயிரினங்கள் அழியாமல் ஒதுங்கிப் பிழைத்த நிலப்பகுதிகளைச் சூழலியலாளர்கள் இப்படி அழைக்கிறார்கள். தமிழில் 'புகலிடம்'. இலத்தீன் சொல் ஓடிவருவதைப் பார்க்கிறது. 'புகு' என்பதிலிருந்து வந்த நம் சொல் உள்ளே நுழைவதைப் பார்க்கிறது. தொட்டி வழக்கில், முதன்மைத் தொட்டியோடு நீர் இணைப்புள்ள தனி அறை அது. மீன் வாய்க்கு எட்டாமல் கோப்பிபாடு, ஆம்பிபாடு போன்ற நுண்ணிய ஓட்டுடலிகள் அங்கே பெருகும். பெரும்பாசிகள் கழிவால் நீரில் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சும்.

படுகை, பற்றுதளம் என்று பிரித்துச் சொல்வது வெறும் சொல்நயம் அல்ல. எதை வாங்குவது என்பதே இதில்தான் இருக்கிறது. கீட்டோமார்ஃபா பாசிக்கு வேரும் இல்லை, பிடிப்பும் வேண்டாம். பஞ்சுருண்டை மாதிரி நீரோட்டத்தில் உருண்டுகொண்டே வளரும். அதை மட்டும் வைப்பவருக்கு வெறுங்கண்ணாடியே போதும். அதில் அழுக்கு படிந்தால் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். காலெர்ப்பா, ஹாலிமீடா பாசிகள் வேர்போன்ற இழைகளை மணலுக்குள் இறக்குபவை. அவற்றுக்குப் படுகை வேண்டும். ஓட்டுடலிகள் பெருக வேண்டும் என்றால், விரல் நுழையும் இடுக்குகளோடு உயிர்ப்பாறைத் துண்டுகளை (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய பாறை) குவித்தால் நல்ல பற்றுதளம் கிடைக்கும்.

மணல் என்றால் அராகோனைட் மணல். கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம் அது. ஸ்பெயினின் மோலினா தெ அராகோன் என்ற ஊர்ப் பெயரால் வந்த சொல். அதன் நுண்மணலில் 'ஊலைட்' என்ற வகையை உருப்பெருக்கியில் பார்த்தால், மெருகேற்றிய மீன் முட்டைகள் போல வழவழப்பான உருண்டைகளாக இருக்கும். கிரேக்கத்தில் ஊலைட் என்றாலே முட்டைக் கல். கையிலிருக்கும் மணல் எது என்று சந்தேகமா? ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். கார்பனேட் மணல் நுரைக்கும், குவார்ட்ஸ் மணல் சும்மா கிடக்கும். காந்தத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரும்பு கலந்த கருந்துகள் ஒட்டினால் அந்த மணல் வேண்டாம்.

'அராகோனைட் போட்டால் பி.எச். தானாக நிற்கும்' என்று நம்பியிருக்க வேண்டாம். கரைந்தால்தான் அது பி.எச்.சைத் தாங்கும்; ஆனால் பி.எச். 8.1 முதல் 8.3 வரை உள்ள தொட்டி நீரில் அது கரையாது. பாக்டீரியாக்கள் அமிலமாக்கும் ஆழத்து இடுக்குகளில் மட்டும் சிறிது கரையும். காரத்தன்மையை நீங்கள்தான் அளந்து ஈடுசெய்ய வேண்டும்.

குருணை அளவும் ஆழமும் ஒன்றையொன்று சார்ந்தவை. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத அடுக்கு தேவை. அதற்கு 0.2 முதல் 1 மி.மீ. வரையிலான நுண்மணல், 10 முதல் 15 செ.மீ. ஆழம். பாசி வேர்விட மட்டும் என்றால் 3 முதல் 5 செ.மீ. போதும். இடைப்பட்ட ஆழம் இரண்டும்கெட்டான்: கிளறிச் சுத்தம் செய்யவும் முடியாது, நைட்ரேட்டும் சரியாகக் குறையாது. 2 மி.மீ.க்கு மேற்பட்ட பவளச் சில்லுகளை ஆழமாகக் கொட்டுவதே அடிக்கடி நடக்கும் தவறு. இடுக்குகளில் கழிவு இறங்கித் தேங்கும். நைட்ரேட்டைக் குறைக்கப் போட்டது அதை உற்பத்தி செய்யும்.

40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள அறையில் 10 செ.மீ. ஆழம் என்றால் 12 லிட்டர் மணல். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ என்று வைத்தால் 18 கிலோ. உலர்மணலை வாளியில் கலங்கல் தெளியும்வரை அலசுங்கள். பாக்டீரியாவோடு ஈரமாக விற்கப்படும் உயிர்மணலை அலசவே கூடாது, உயிர் போய்விடும். படுகையின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மீது நீரை ஊற்றினால் குழி விழாது. கலங்கல் அடங்கும்வரை பம்ப்பை நிறுத்தி வையுங்கள். மணல் மட்டம் தடுப்புக் கண்ணாடியின் விளிம்புக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். இல்லையென்றால் மணல் அடுத்த அறைக்குப் போய் பம்ப்பின் சுழலியைத் தேய்த்துவிடும். பழைய தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மணல் கிடைத்தால் மேலே தூவுங்கள். புழுக்களும் பாக்டீரியாவும் அதோடு வந்துவிடும்.

பக்கக் கண்ணாடியில், மணல் உயரம்வரை வெளிப்புறம் கறுப்புத் தாள் ஒட்டுவது நல்லது. வெளிச்சம் பட்டால் மணலுக்குள் பாசி படர்ந்து, நடப்பது எதுவும் தெரியாது. மாதம் ஒருமுறை தாளை விலக்கிப் பாருங்கள். சிறு வாயுக்குமிழ்களும் புழு போன தடங்களும் தெரிந்தால் படுகை உயிரோடிருக்கிறது. கறுத்த திட்டுகள் பெருகி, மணலில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அப்போது கிளறுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை; அந்த நச்சு நேரே மீனிடம் போகும். பம்ப்பை நிறுத்தி, அறையை முதன்மைத் தொட்டியிலிருந்து துண்டித்து, மணலை அதன் நீரோடு சேர்த்தே வெளியேற்றுங்கள். அந்த நீரில் ஒரு குவளைகூடத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.