தறிக்கூடத்தில் ஒரு சிவப்பு பல்பு

பல்லடம் பக்கத்தில் வீட்டோடு ஒட்டிய விசைத்தறிக்கூடம். ஆறு வயதுப் பையனுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. அம்மா தறி ஓட்டும் நேரத்தில், திண்ணையில் இருக்கும் தார்ப் பெட்டியை, அதாவது தறிக்கான நூல் சுற்றிய கட்டைகள் அடுக்கிய பெட்டியை, கவிழ்த்துவிட்டு வீறிடுவான். “இரண்டு அடி வைத்தால் அடங்கிவிடுவான்” என்றார் அப்புச்சி, அம்மாவின் அப்பா. அதையும் செய்து பார்த்திருந்தார்கள்.

சிறப்புக் கல்வியாளராக நான் முதலில் தேடுவது, சேட்டைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்பதைத்தான். மூன்று நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். பெட்டியில் கை வைப்பதற்கு முன் அவன் நிலைப்படியில் நின்று அம்மாவை நோக்கிக் கையை நீட்டினான். தறிச் சத்தத்தில் யாரும் திரும்பவில்லை. பெட்டி கவிழ்ந்ததும் அம்மா ஓடி வந்தார். கிடைத்தது திட்டுதான், ஆனாலும் அம்மா வந்துவிட்டாரே! கை நீட்டினால் வராத அம்மா, கவிழ்த்தால் வருவார் என்று வீடே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

இதை மாற்றும் வழிக்கு வேறுபடுத்தி வலுவூட்டுதல் என்று பெயர். பிள்ளைக்கு வேண்டியதைப் பறிப்பதில்லை. அதை நல்ல முறையில் கேட்டால் உடனே கொடுக்கிறோம், சேட்டைக்குக் கொடுப்பதில்லை. கேட்கும் வழியைக் கற்றுத்தந்தால் சேட்டை குறைகிறது என்பதை உளவியலாளர்கள் எட்வர்டு கார், மார்க் டூராண்ட் இருவரும் 1985-இலேயே ஆய்வில் காட்டினார்கள்.

மணி அடித்தால் தறிக்கூடத்தில் கேட்காது. எனவே நிலைப்படி அருகே ஒரு சுவிட்ச், தறிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. எரிந்தால் அம்மா உடனே வர வேண்டும். தறியை நிறுத்தினால் கூலி குறையுமே என்று அவர் தயங்கினார். நியாயமான கவலை. சிதறிய தாரைப் பொறுக்கி அடுக்கும் நேரம் அதைவிட அதிகம் என்றேன். பெட்டி கவிழ்ந்தால் திட்டாமல், முகம் பார்க்காமல் எடுத்து வைப்பது. சுவிட்சின் மேல் அவன் கையை வைத்துக் காட்டுவது.

நான்காம் நாள் கூச்சல் முன்பைவிட அதிகமானது. வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றால் பிள்ளைகள் இன்னும் வேகமாக முயல்வார்கள். பெரும்பாலான வீடுகள் இங்கேதான் கைவிடுகின்றன. அவனுடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, மனம் தாங்காமல் முறுக்கைக் கொடுத்துவிட்டார். அவர் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை இளகினாலும், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அம்மாயியையும் உட்கார வைத்துப் பேசினேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தலையை மோதிக்கொள்ளும், தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளையைக் கண்டும் காணாமல் விடக் கூடாது. அங்கே முதலில் பாதுகாப்பு. உடல் வலி ஏதும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது பல்பு எரிந்ததும் அம்மா, ‘கொஞ்சம் பொறு’ என்று ஐந்து விரலை விரித்துக் காட்டுகிறார். அறுந்த இழையை முடிந்துவிட்டு அவர் வரும்வரை பையன் நிலைப்படியிலேயே நிற்கிறான். பள்ளியில் பல்பு கிடையாது. அங்கே ஆசிரியர் கையில் கொடுக்க ஒரு பட அட்டையைப் பழக்கத் தொடங்கியிருக்கிறோம்.