கடல் தின்னும் ஊரில் எட்டரை லட்சம் ஆண்டுக் காலடி

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் கரையில் வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது ஹேஸ்பரோ. உயர்ந்த கோபுரத்தோடு புனித மரியாள் ஆலயம், சிவப்புப் பட்டை அடித்த கலங்கரை விளக்கம், சில தெருக்கள். ஊர் அவ்வளவுதான். அந்த விளக்குக்கு ஒரு ஜோடி இருந்தது; கரை அரிப்பால் 1883இல் அதைக் கைவிட்டார்கள்.

அலை மோதியது, கரை இடிந்தது என்றால் பாதிக் கதைதான். இங்கே கரைமேட்டில் பாறையே கிடையாது. பனியாறுகள் சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும், அதன் மேல் மணலும்தான். மழைநீர் மணலில் சரசரவென இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் வழி அடைபட்டு, பக்கவாட்டில் திரும்பி மேட்டின் முகத்தில் கசியும். போகிற போக்கில் மணலையும் இழுத்துக்கொண்டு வரும். ஊறிய மண் பிடிமானம் இழந்து சரியும். சரிந்தது அங்கேயே கிடந்தால் அதுவே அடிவாரத்துக்குக் காவல். ஆனால் அடுத்தடுத்த புயல்கள் அதை அள்ளிப்போய்விடும். அலை மறுபடி அடிமண்ணை அறுக்கத் தொடங்கும்.

1953இல் வட கடல் பொங்கி வந்த பெருவெள்ளத்துக்குப் பின் கரையோரம் மரத் தடுப்புகள் போட்டார்கள். அவை சிதைந்து விழுந்த 1990களில், அதுவரை தள்ளிப்போன அரிப்பெல்லாம் வட்டியோடு வந்து சேர்ந்தது. ஊரோரம் புதிதாக ஒரு விரிகுடாவே உருவாகிவிட்டது. பீச் ரோட்டில் வீடுகள் போயின. மிஞ்சியவற்றில் ஒன்பதை உள்ளாட்சி விலைக்கு வாங்கி இடித்தது.

பெரிய சுவர் ஒன்று கட்டினால் என்ன? செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே உதிரும் மணலைக் கடல் தென்கிழக்கே நகர்த்திக்கொண்டு போய், ஸீ பாலிங் போன்ற ஊர்களின் கடற்கரைகளில் சேர்க்கிறது. இங்கே மண்ணைக் கட்டிப்போட்டால் அங்கே கரை மெலியும். அந்தக் கரைக்குப் பின்னால் இருப்பதோ வெள்ளம் எளிதில் புகும் தாழ்நிலம். கணக்கு சரிதான். ஆனால் நட்டம் முழுவதும் ஒரே தெருவின் தலையில் விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதே அரிப்புதான் ஊரின் மிகப் பழைய வரலாற்றையும் வெளியே கொண்டுவந்தது. 2000இல் நாயோடு கரையில் நடந்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். ஆய்வாளர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. 2013 மே மாதம் புயல் மேல்மணலை வாரிச் சென்றபோது, அடியிலிருந்த இறுகிய சேற்றுப் படிவில் ஏறக்குறைய 50 பள்ளங்கள் தெரிந்தன. மனிதக் காலடிகள்! பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிக் ஆஷ்டனும் உடனிருந்தவர்களும் பஞ்சால் நீரை ஒற்றியெடுத்து, அலை திரும்புவதற்குள் பல கோணங்களில் படம் பிடித்து, முப்பரிமாண உருவம் தயாரித்தார்கள்.

பாதங்களின் நீளம் 14 முதல் 26 சென்டிமீட்டர். மனித உயரத்தில் பாதம் ஏறத்தாழ 15 சதவீதம் என்பதால், நடந்தவர்களின் உயரம் 93 சென்டிமீட்டரிலிருந்து 1.73 மீட்டர் வரை. குழந்தைகளும் பெரியவர்களுமாக, ஐந்து பேராவது இருந்திருக்கலாம். அன்று அது பழைய தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரம். பிரிட்டன் தீவாகவே இல்லை, ஐரோப்பாவோடு ஒட்டியிருந்தது.

வயதை எப்படிச் சொன்னார்கள்? வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை ஒட்டித் திரும்பி அப்படியே உறைந்துவிடும். சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தப் புலம் இன்றைக்கு நேர் எதிராக இருந்தது. ஹேஸ்பரோ வண்டலிலும் தலைகீழ்தான். அதோடு மகரந்தத்தையும் அழிந்துபோன விலங்குகளின் எச்சங்களையும் வைத்துப் பார்த்தால் 8,50,000 ஆண்டுகளுக்குக் குறையாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பழைய மனிதக் காலடித் தடம் அதுவரை கிடைத்ததில்லை.

இரண்டு வாரங்களில் அலை எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ஆனால் அதே காலத்துப் படிவுகள் கரைமேட்டுக்கு அடியில் உள்நோக்கி நீள்கின்றன. அவை வெளிப்பட வேண்டுமானால் மேலே இருக்கும் மண் அகல வேண்டும். அந்த வேலையைக் கடல் நிறுத்தவில்லை.