இங்கிலீஷ் தேர்வு: நெட்டுருப் போட்டு மதிப்பெண் வராத இடம்

திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்த கையோடு, எங்கள் கடற்கரைப் பள்ளிக்கு வரும் அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "டீச்சர், புள்ள ராத்திரி பூரா கைடை வச்சுப் படிக்குது. இங்கிலீஷ்ல மட்டும் மார்க்கு ஏற மாட்டேங்குது." அந்தப் பிள்ளை படிக்காமல் இல்லை. படிக்கிற விதத்துக்கும் கேள்வித்தாளுக்கும்தான் ஒத்துவரவில்லை.

பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இப்போது ஒரே தாள், 100 மதிப்பெண். மனப்பாடப் பாடலுக்கு 5. அதை நெட்டுருப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தாளின் கடைசியில் தலா 8 மதிப்பெண்ணுக்கு இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, குறிப்புகளை விரித்துக் கதையாக எழுதுவது. மற்றொன்று, கொடுத்திருக்கும் பத்தியைப் படித்து விடை எழுதுவது. இரண்டாவதற்கு விடை தாளிலேயே இருக்கிறது. இருந்தும் அங்கேதான் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

காரணம் ஒரு பழக்கம். கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடுவது, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதுவது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றிப் பயிற்சிக்காக ஒரு சிறு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். அலை வீடுகளை அடித்துக்கொண்டு போனது என்று ஒரு வரி. அந்த ஊர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்ததாகக் கொஞ்சம் தள்ளி இன்னொரு வரி. 'மக்கள் ஏன் அங்கே மறுபடி வீடு கட்டவில்லை?' என்று கேட்டால் பாதி வகுப்பு அலை வந்த வரியை எழுதுகிறது. அதில்தானே 'ஹவுசஸ்' இருக்கிறது! தனுஷ்கோடிக் கதையைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தமிழில் கேட்டால் சரியான பதிலை உடனே சொல்லிவிடுவார்கள்.

இதைத் திருத்த முதலில் கேள்விகளைப் படிக்கச் சொல்கிறேன். ஏன், எப்போது, யார் என்று கேட்கும் சொல்லை வட்டமிட வேண்டும். பிறகு பத்தியைப் படித்து, விடை இருக்கும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்வி எண்ணைப் போட வேண்டும். எழுதுவது அதற்கு அப்புறம்தான். 'ஏன்' என்று கேட்டிருந்தால் எழுதிய விடையில் ஒரு காரணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

எழுதும் பகுதி வேறு மாதிரி. குறிப்புகளுக்கு நடுவே இருக்கும் கோடுகளை எடுத்துவிட்டு, சொற்களை வரிசையாக எழுதி வைத்தால் அது பத்தி ஆகாது. யார் செய்தார், எப்போது செய்தார் என்று சேர்க்க வேண்டும். கதை நடந்து முடிந்தது என்றால் வினைச்சொற்கள் எல்லாம் இறந்த காலத்தில் இருக்க வேண்டும். கடல் மாசு பற்றி எழுதச் சொன்னால், பாம்பனில் இருந்துகொண்டு டெல்லித் தொழிற்சாலைப் புகையை எழுதுகிறவர்கள் உண்டு. கைடில் அப்படித்தான் இருக்கும்போல. அறுந்து கடலில் கிடக்கும் வலை, கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக், அதில் சிக்கும் ஆமை எல்லாம் இவர்கள் கண்ணால் பார்த்தவை. நெட், போட், ஐஸ், டீசல், எக்ஸ்போர்ட் எல்லாம் வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள். முதலில் ஐந்து குறிப்புகளைத் தமிழிலேயே சொல்ல வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஆங்கில வாக்கியமாக ஆக்கச் சொல்வேன். நீளமான வாக்கியம் எனக்கு வேண்டாம்.

எழுதி முடித்ததும் பிழை தேடுவதற்கென்றே ஒருமுறை படிக்க வேண்டும். 'மை ஃபாதர் கோ டு சீ', 'ஹி டிட் நாட் வென்ட்' இரண்டும் எல்லா விடைத்தாள் கட்டிலும் வரும். முதலாவதில் 'கோஸ்', இரண்டாவதில் 'கோ' வர வேண்டும். எழுத்துக்கூட்டல் தப்பிவிடுமோ என்று பயந்து தெரிந்த நல்ல சொல்லை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். துணிந்து எழுதட்டும்.

விடியற்காலை நண்டு வலை கழிக்க, அதாவது வலையில் சிக்கிய நண்டுகளை எடுக்க, உட்காரும் வீடுகளில் புத்தகத்தோடு உட்கார நேரம் கிடைக்காது, தெரியும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதுமில்லை. "நேத்துப் படிச்ச பத்தியில என்னடா சொல்லிருக்கு?" என்று வலையில் கை இருக்கும்போதே கேளுங்கள். தமிழில் நாலு வரி சொல்ல முடியவில்லை என்றால் அவனுக்குப் பத்தி புரியவில்லை. எழுதிய விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அரையாண்டு விடைத்தாள் வீட்டில் இருந்தால் கடைசிப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். அங்கே வெறும் தாளாக இருந்தால் நேரம் போதவில்லை என்று அர்த்தம்.

அதற்கு ஒரு வழி உண்டு. கேள்வித்தாளைப் படிக்கத் தனியாகக் கொடுக்கும் 10 நிமிடத்தில் அந்த 8 மதிப்பெண் பத்தியைப் படித்துவிடலாம். கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் அதை முன்கூட்டியே எழுதவும் செய்யலாம். வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.