வெறும் வயிற்றில் வரச் சொன்னோம்

இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாதந்தோறும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கூலித் தொழிலாளி ஒருவருக்கு, மூன்று மாதங்களாக இரத்த அழுத்தம் 160/100 என்ற அளவிலேயே இருந்தது. மூன்றாம் முறை கொதிப்பு மாத்திரையான எனலாப்ரிலின் அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரத்தில், வயலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லி அவருடைய மனைவி அவரை அழைத்து வந்தார். முதல் மாதமே கேட்டிருக்க வேண்டியதை அன்றுதான் கேட்டேன்: பரிசோதனைக்கு வரும் காலையில் மாத்திரை போடுகிறீர்களா?

"வெறும் வயித்தோட வரச் சொன்னீங்களே டாக்டர், அதான் போடல."

சர்க்கரைப் பரிசோதனைக்காக நாங்கள் சொன்னதைக் கொதிப்பு மாத்திரைக்கும் சேர்த்து அவர் கடைப்பிடித்திருக்கிறார். மாத்திரை போடாத காலையின் அழுத்தத்தைப் பார்த்து நான் அளவைக் கூட்ட, மாத்திரை போடும் மற்ற நாட்களில் அது அதிகமாகிவிட்டது. போதாக்குறைக்கு, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் அழுத்தம் பார்த்திருக்கிறோம். பரிசோதனை நாளன்று கொதிப்பு மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீருடன் வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையையும் உணவுக்கு முன் போடும் இன்சுலினையும் மட்டும் உணவுக்கான நேரம் வரை தள்ளிவைக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குப் பிரித்துச் சொல்லவில்லை.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் விளக்கங்களில் எத்தனை ஓட்டைகள் என்று தெரிந்தது. எழுத்தறியாதவர்கள் மாத்திரையை நிறத்தால் அடையாளம் காண்கிறார்கள். அதே மருந்து வேறு நிறத்தில் வந்தால், புதியது என்று எண்ணிப் பழையதோடு சேர்த்துப் போடுகிறார்கள், அல்லது இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள். அட்டையில் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுப்பது பலருக்கு உதவுகிறது.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் வேலை மும்முரத்தில் மதிய உணவைத் தவறவிட்டால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். தேறியதும் உணவு உண்ண வேண்டும். இதை அவருடன் வேலை செய்பவரும் அறிந்திருப்பது நல்லது. புரட்டாசிச் சனிக்கிழமையோ ரமலானோ, விரதம் இருப்பவரைத் திட்டினால் அவர் விரதத்தை விடமாட்டார். நம்மிடம் சொல்வதை விட்டுவிடுவார். முன்கூட்டியே சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தர முடியும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்ததால், மருந்துக்காகக் கூலியை இழக்கும் நாட்கள் குறைந்தன. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவது ஒன்று, அதை எப்போது எப்படிப் போடுவது என்ற தெளிவு வருவது வேறொன்று. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அட்டையில் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, குற்றம் சாட்டாத குரலில் காரணம் கேட்டால், எங்கள் அறையில் வெளிவராத பதில் திண்ணையில் வெளிவரும்.

தலைசுற்றி வந்தவருக்குப் பழைய அளவையே திரும்ப எழுதினேன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது அவர் வீட்டில் அளக்க முடியாத கணக்கு என்பதால், எதை விடுவது என்று அவரையே சொல்லச் சொன்னேன். பழைய சோற்றுக்கான ஊறுகாயை விட்டுச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவரை, ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தபோது 138/84 காட்டியது. கருவாட்டைப் பற்றி அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.