கேஷுவல்டி என்றால் பலி அல்ல

'கேஷுவல்டிக்குக் கொண்டுபோங்க' என்றால் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் யாருக்கும் புரியும். அடிபட்டவரை முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். அதே சொல் போர்ச் செய்தியில் வந்தால் மட்டும் பலரும் யோசிக்காமல் 'பலி' என்று எழுதிவிடுகிறார்கள். இது சின்னப் பிழை இல்லை.

1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பின் கேஷுவல்டி 57,470. அதில் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்கள் 35,493, காணாமல் போனவர்கள் 2,152, பிடிபட்டவர்கள் 585. 'ஒரே நாளில் 57 ஆயிரம் பேர் பலி' என்று எழுதினால், காயத்தோடு தப்பியவர்களையும் சேர்த்து நாமே கொன்றுவிடுகிறோம்.

சொல்லின் வேர் லத்தீன். 'காடெரே' என்றால் விழுதல். அதிலிருந்து 'காசுஸ்', அதாவது எதிர்பாராமல் வந்து விழுவது. கேஷுவல் லீவை நம் அலுவலகங்கள் 'தற்செயல் விடுப்பு' என்று சொல்வதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. கேஷுவல்டிக்கும் முதலில் தற்செயல், விபத்து என்றுதான் பொருள். படைக் கணக்குக்குள் நுழைந்த பிறகு பொருள் இறுகிவிட்டது: பட்டியலில் இருந்த ஆள் இனி சண்டைக்கு இல்லை. நாளைக் காலை எத்தனை பேர் துப்பாக்கி தூக்குவார்கள் என்பதே தளபதியின் கவலை. செத்தவர், கால் போனவர், எதிரியிடம் மாட்டியவர் எல்லாரும் அவருக்கு ஒரே கழித்தல்தான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 80,000 படையினர் சரணடைந்தார்கள். உயிரோடு இருந்தாலும் அத்தனை பேரும் கேஷுவல்டி. அவர்களில் பலரைப் பிற்பாடு ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போட அனுப்பினார்கள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 12,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களும், பர்மியரும், ஜாவாக்காரர்களும் மண் சுமந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் அவர்களின் சாவு கைதிகளின் சாவைப் போலப் பல மடங்கு. ஆனால் அவர்கள் எந்தப் படையின் பட்டியலிலும் இல்லை, அதனால் கேஷுவல்டியிலும் இல்லை.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதை மறக்கக்கூடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இழந்தது 4 லட்சத்துக்குச் சற்று அதிகமான உயிர்கள். ஏறக்குறைய எல்லாரும் படையினர், படைப் பட்டியலே போதும். சோவியத் யூனியனில் இறந்தவர்கள் சுமார் 2 கோடியே 66 லட்சம் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. அதில் படையினர் சுமார் 87 லட்சம்தான். போலந்தில் 50 லட்சத்துக்கு மேல், அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் யூதர்கள். இங்கெல்லாம் படைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் போரின் பெரும்பகுதி விட்டுப்போகும்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'உயிரிழப்பு', 'உயிர்ச்சேதம்' இரண்டும் சாவை மட்டும் சொல்பவை. 'பாதிக்கப்பட்டோர்' என்றால் வீடு எரிந்தவரும் வந்துவிடுவார். படையைப் பற்றி என்றால் 'ஆளிழப்பு' பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் பணியில் உள்ள ஆட்களைக் குறிக்க 'ஆளணி' என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் 'ஆளணி இழப்பு' இன்னும் துல்லியம். எனக்கு ஆசை என்னவோ 'படு' என்ற வினைமேல்தான். நடுகற்களில் 'பட்டான்' என்றால் போரில் வீழ்ந்தவன். காயம்பட்டவர், பிடிபட்டவர் என்பதிலும் அதே வினை. லத்தீனின் 'விழு' செய்த வேலையைத் தனியாகவே செய்துவிடும். ஆனால் 'களத்தில் பட்டோர்' என்று இன்று தலைப்புப் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது.

பொதுமக்களைப் பற்றிய செய்தியில் ஒற்றைச் சொல்லைத் தேடவே வேண்டாம். இறந்தோர் இத்தனை, காயமடைந்தோர் இத்தனை என்று பிரித்தே எழுதலாம். ஆஸ்பத்திரி கேஷுவல்டிக்குப் பலகையில் 'அவசர சிகிச்சைப் பிரிவு' என்று இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், 'கேஷுவல்டியா?' என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.