ஈக்விட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

'ஈக்விட்டி' என்றதும் பலருக்குப் பங்குச் சந்தைதான் நினைவுக்கு வரும். உயர்கல்வித் துறையில் அச்சொல்லின் பொருள் வேறு. மேடுபள்ளம் இல்லாதது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அது, அவரவர் நிலையறிந்து உரியதைச் சேர்ப்பிக்கும் நியாயத்தைக் குறிக்கிறது.

காவிரிப் படுகைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கல்லணையில் பிரிந்து வரும் தண்ணீருக்கு எல்லா மதகுகளையும் ஒரே அளவில் திறந்தால் தலைமடை வயல் நிரம்பும்; வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை காயும். முறை வைத்து, தலைமடை ஷட்டரை இறக்கிக் கடைமடைக்கு நீரைத் தள்ளும் லஸ்கர் என்னும் மதகுப் பணியாளர் செய்வது சமத்துவம் அன்று, ஈக்விட்டி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள், உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆயினும் பதவிப் பெயர் உடையவர் மட்டுமே இப்பணியைச் செய்வதில்லை. எந்தப் பணியிடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று காட்டும் இனச்சுழற்சிப் பதிவேட்டைப் புரட்டி, முன்பு ஆள் எடுக்காமல் விடுபட்ட ஒதுக்கீட்டு இடமான பின்னடைவுப் பணியிடம் இன்னும் நிரப்பப்படாமல் கிடப்பதைக் கோப்பில் குறித்து, அது திரும்பி வந்தாலும் மறுபடி மேலே அனுப்பும் பிரிவு எழுத்தரும், உதவித்தொகை வரும்வரை தேர்வுக் கட்டணத்துக்காக மாணவியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று துறைக் கூட்டத்தில் வாதிடும் பேராசிரியரும் உள்ளிருந்தே மதகைத் திருப்புகிறவர்கள்தாம்.

தமிழ்ச் சொல் தேடும்போதுதான் சிக்கல். 'நடுவுநிலைமை' பொருந்தாது, ஒருபால் கோடாத துலாக்கோலைக் குறள் அதற்கு உவமையாக்குகிறது, ஈக்விட்டியோ பள்ளத்தில் இருப்பவர் பக்கம் தெரிந்தே சாய்வது. 'ஒப்புரவு' அழகான சொல். குறளில் அது ஊருக்கு உதவும் பண்பு. ஆனால் வேளாங்கண்ணிக்குப் போனால் அது கத்தோலிக்கரின் பாவமன்னிப்புச் சடங்கான அருட்சாதனத்தின் பெயர். 'நிகர்நிலை' என்று புதிதாக ஆக்கலாம் என்றால், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அதை முன்பே எடுத்துக்கொண்டது!

எஞ்சுவது 'சமநீதி'. 'சம' வடசொல்லாயிற்றே என்பார் சிலர். சமூக நீதி என்ற தொடரைப் பல தலைமுறையாகப் புழங்கிவரும் மண்ணில் அந்தத் தயக்கம் எனக்கில்லை. சமத்துவத்தோடு குழம்பாமல், அதற்கு அடுத்த படியையும் இச்சொல் காட்டுகிறது. ஆகவே, நிறுவனத்துக்குள் இருந்து இதற்காக உழைப்பவரைச் 'சமநீதிப் பணியாளர்' எனலாம். எழுத்தரையும் பேராசிரியரையும் சேர்த்துச் சொல்வதற்கு 'அலுவலர்' என்பதைவிட அதுவே பொருத்தம்.