ஈரத்தை மோப்பம் பிடிக்கும் பூச்சி

அமெரிக்காவின் நெவாடாவிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறார். சாலையோரச் சரளையில் அந்தி நேரத்தில் விரிந்த வெள்ளைப் பூ ஒன்றில். அதே செடியில் மறுநாள் காலை இளஞ்சிவப்பாய்த் துவண்ட பூ மற்றொன்றில். இரண்டும் ஒரே பூவா என்று கேட்கிறார்.

ஒரே பூதான். பெயர் ஈனோத்தெரா செஸ்பிட்டோசா. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வறண்ட நிலங்களில் வளர்வது. ஓர் இரவு பூத்து, வாடும்போது சிவக்கும். அதே பகுதிகளில் இரவில் பூக்கும் வெள்ளை ஊமத்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊமத்தையின் இதழ்கள் ஒன்றாக இணைந்து புனல்போல் இருக்கும். இதற்கு நுனி பிளந்த நான்கு தனி இதழ்கள், எட்டு மகரந்தத்தாள்கள், சிலுவைபோல் நான்காகப் பிரிந்த சூலகமுடி. இலைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பூவின் காம்பு என்று நாம் நினைப்பது உண்மையில் காம்பே அல்ல. உள்ளீடற்ற நீண்ட குழல். சூலகம் அதற்கும் கீழே, மண்ணை ஒட்டி இருக்கிறது.

அந்தக் குழலில்தான் தேன் ஊறுகிறது. அடியில் இருக்கும் தேனை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சி அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். ஆனால் அப்படி நிற்பதற்கு ஏராளமான ஆற்றல் செலவாகும். தேன் தீர்ந்த பூவும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, மணக்கத்தான் செய்கிறது. உள்ளே தேன் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. தேனிலிருந்து நீர் ஆவியாகிறது, இதழ்களிலிருந்தும் கொஞ்சம். புதிதாக விரிந்த பூவின் வாயருகே காற்றின் ஈரப்பதம் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 4% கூடுகிறது. பாலைவனக் காற்றில் அது ஒரு தெளிவான தடயம். அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் ரகூசோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-இல் தேனே இல்லாத செயற்கைப் பூக்களை வைத்துச் சோதித்தார்கள். ஈரப்பதம் சற்றுக் கூடிய பூக்களையே பூச்சிகள் அதிகம் நாடின. பூச்சிகளின் உணர்கொம்புகளில் இதற்கென்றே நுண்ணிய முளைகள் உண்டு. அவற்றுள் ஒரு நரம்பணு ஈரம் கூடினால் விரைந்து துடிக்கும். அதன் இணை அணு, காற்று உலர்ந்தால் துடிக்கும். மணமும் நிறமும் வெறும் விளம்பரம். நீராவியோ தேனிலிருந்தே எழுவது.

‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டே இதுபோன்ற ஆய்வுகளுக்கு நிதி மறுக்கும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. எந்தப் பூவை எந்தப் பூச்சி எப்படிக் கண்டடைகிறது என்று தெரியாமல் ஒரு நிலத்தைப் பாதுகாக்க முடியாது. இத்தகைய ஆய்வுக்குக் கேட்காமலேயே பணம் தரவேண்டும் என்பேன்.

அந்த வாசகருக்கு இன்னொன்று: அடுத்த பூ விரிந்ததும் மகரந்தத்தை விரல்நுனியால் தொட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். தூளாக உதிராது, ஒட்டும் இழைகளில் கோத்தபடி வரும். இந்தச் செடியின் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் அது.